மாறிய கோப்பு தானே சர்வருக்குச் செல்ல: ஒரு நூலகத்துக்காக அமைத்த முறை

எங்கள் ஊர் நூலகத்தில் பழைய இதழ்களை மின்வருடி இணையத்தில் வைக்கும் பணி நடந்து வருகிறது. ஸ்கேனர் இணைக்கப்பட்ட விண்டோஸ் கணினி ஒன்று, படங்களைச் சேமித்து வைக்கும் லினக்ஸ் கணினி ஒன்று, வாசகர்கள் பார்க்கும் பக்கங்கள் இருக்கும் வாடகைச் சர்வர் ஒன்று என மூன்று இடங்களில் கோப்புகள் உள்ளன. லினக்ஸ் கணினியிலிருந்து சர்வருக்குப் போகும் வழி மட்டும் முழுக்கக் கைவேலையாக இருந்தது. மாலையில் யாராவது ஒருவர் கோப்புகளை இணையத்தில் அனுப்பும் எஃப்டிபி மென்பொருளைத் திறந்து அன்றைய கோப்புறைகளை இழுத்துப் போடுவார். புதிய இதழ்கள் இப்படி ஒழுங்காகவே ஏறின. ஏறாமல் நின்றவை திருத்தங்கள்தாம். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதை மீண்டும் வருடினால், என்றோ ஏற்றி முடித்த கோப்புறைக்குள் அந்த ஒரே ஒரு கோப்பு மாறியிருக்கும். அதை நினைவில் வைத்திருந்து மாலையில் ஏற்றுவது யாருக்கும் எளிதன்று. நூலகத்தில் பக்கம் நேராகிவிட்ட பின்னும் வாசகர் சாய்ந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அத்துடன், 1985-இல் வெளியான வரையறையின்படி இயங்கும் சாதாரண எஃப்டிபி, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே இணையத்தில் அனுப்புகிறது. இவ்விரண்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும் என்று முடிவு செய்து, மாற்றத்தைக் கணினியே கண்டறிந்து கணினியே ஏற்றும் முறை ஒன்றை அமைத்தேன். அதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

கோப்பு மாறியதை அறிய இரண்டு வழிகள் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் பார்த்து வருவது ஒன்று. மாற்றம் நிகழும்போது இயங்குதளமே சொல்லும்படி செய்வது மற்றொன்று. லினக்ஸில் இரண்டாவது வழிக்கு ஐநோட்டிஃபை என்று பெயர். 2005-ஆம் ஆண்டு வெளியான 2.6.13 கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், அது சேர்ந்தது. ஒரு கோப்புறையின் மீது கண்காணிப்பு வைத்தால், அதற்குள் கோப்பு உருவானது, எழுதப்பட்டது, எழுதி மூடப்பட்டது, பெயர் மாறியது, நீக்கப்பட்டது ஆகிய ஒவ்வொன்றையும் கர்னல் வரிசையாகத் தெரிவிக்கும். ஐநோட்டிஃபை டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஐநோட்டிஃபைவெயிட் என்ற கட்டளை அந்தச் செய்திகளைத் திரையில் வரிவரியாகக் காட்டுகிறது. எந்த நிரலையும் எழுதுவதற்கு முன் அந்தக் கட்டளையை ஒரு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) ஓடவிட்டு, பணியாளர்கள் வழக்கம்போல் வேலை செய்யும்போது என்னென்ன வரிகள் விழுகின்றன என்று உட்கார்ந்து பார்ப்பது மிக அவசியம் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்ததில்தான் மொத்த அமைப்பும் எப்படி இருக்க வேண்டும் என்பது தெளிந்தது.

ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அடர்த்தியில் முழு வண்ணத்தில் வருடி, சுருக்காத டிஃப் வகைப் படக் கோப்பாகச் சேமித்தால் அது ஏறத்தாழ 26 மெகாபைட் வருகிறது. அவ்வளவும் ஒரே மூச்சில் எழுதப்படுவதில்லை. முதலில் கிரியேட் என்ற வரி ஒன்று விழும்; பிறகு மாடிஃபை என்ற வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும்; கடைசியில்தான் க்ளோஸ் ரைட், அதாவது எழுதி மூடப்பட்டது என்ற வரி வரும். கிரியேட் வரியைக் கண்டதும் ஏற்றத்தைத் தொடங்கினால் பாதிப் படமே சர்வருக்குப் போகும். ஆகவே கோப்புகளைப் பொறுத்தவரை க்ளோஸ் ரைட் வரிக்கே காத்திருக்க வேண்டும். கிரியேட் வரியைப் புதிய கோப்புறைகளுக்காக மட்டும் கேட்டால் போதும்.

விம் என்ற உரை எடிட்டரில் விவரக் கோப்பு ஒன்றைத் திருத்திச் சேமித்தபோது விழுந்த வரிகள் இன்னும் கவனிக்கத் தக்கவை. முதலில் 4913 என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றி உடனே மறைந்தது. அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி உண்டா என்று விம் சோதித்துப் பார்க்கும் முறை அது. அடுத்து, இருந்த கோப்பு பெயர் மாறிக் காப்பு நகலானது. பழைய பெயரில் புதிய கோப்பு உருவாகி, எழுதி மூடப்பட்டது. பிறகு காப்பு நகல் நீக்கப்பட்டது. நாம் ஒருமுறை சேமித்ததாக நினைக்கும் செயலுக்கு உள்ளே இத்தனை நிகழ்வுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிகழ்வையும் அப்படியே சர்வரில் திருப்பிச் செய்யும் நிரல் ஒன்றை எழுதினால், பெயர் மாறிய அந்த நொடியில் சர்வரிலிருக்கும் நல்ல கோப்பை அது நீக்கிவிடும்; தேவையற்ற 4913-ஐ ஏற்றிவிட்டு, அதைத் தேடும்போது காணவில்லை என்று பிழையும் சொல்லும்.

ஐநோட்டிஃபைக்கு வேறு வரம்புகளும் உள்ளன. கண்காணிப்பு உட்கோப்புறைகளுக்குத் தானாக இறங்காது. ஒவ்வொரு கோப்புறைக்கும் தனியாக வைக்க வேண்டும். ஐநோட்டிஃபைவெயிட் அதை நமக்காகச் செய்துவிடுகிறது என்றாலும், புதிய கோப்புறை உருவாவதற்கும் அதன் மீது கண்காணிப்பு அமர்வதற்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. ஸ்கேனர் மென்பொருள் இதழுக்கான கோப்புறையை உருவாக்கிய கையோடு முதல் பக்கத்தை எழுதிவிட்டால், அந்தப் பக்கத்துக்கான செய்தி நமக்கு வராமலே போகலாம். கர்னலில் காத்திருக்கும் நிகழ்வுகளின் வரிசைக்கும் வழக்கமான உச்சவரம்பு 16,384; அது நிறைந்தால் எஞ்சியவை கைவிடப்பட்டு, வரிசை நிரம்பிவிட்டது என்ற ஒரே ஒரு செய்தி மட்டும் வரும். ஒரு பயனர் வைக்கக்கூடிய கண்காணிப்புகளின் எண்ணிக்கை பழைய கர்னல்களில் 8,192, 5.11 கர்னலிலிருந்து நினைவகத்தின் அளவுக்கேற்ப அது தானே உயர்கிறது. எங்கள் நூலகத்தில் இதழுக்கு ஒரு கோப்புறைதான் என்பதால் இந்த எண்ணிக்கை தடையாகவில்லை.

இவற்றைவிட முக்கியமானது, வலையமைப்பு வழியாக வேறொரு கணினியில் நிகழும் மாற்றத்தை ஐநோட்டிஃபை அறியாது என்பது. விண்டோஸ் கணினியின் பகிர்வுக் கோப்புறையை லினக்ஸில் இணைத்து அதைக் கண்காணித்தால், விண்டோஸில் எத்தனை கோப்புகள் எழுதப்பட்டாலும் இங்கே ஒரு வரியும் விழாது. அதனால் பகிர்வை லினக்ஸ் கணினியில், விண்டோஸுடன் கோப்புறைகளைப் பகிர உதவும் சாம்பா வழியாக அமைத்து, விண்டோஸ் அதற்குள் வந்து எழுதும்படி மாற்றினேன். அப்போது எழுதுவது லினக்ஸிலேயே ஓடும் சாம்பா நிரல் என்பதால் எல்லா நிகழ்வுகளும் தவறாமல் தெரிகின்றன.

இவ்வளவையும் பார்த்த பின், நிகழ்வை நம்பி எந்தக் கோப்பை ஏற்றுவது என்று முடிவு செய்யக் கூடாது என்ற நிலைக்கு வந்தேன். ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார் என்று சொல்வதோடு ஐநோட்டிஃபையின் பணி முடிய வேண்டும். எது மாறியது, எது போக வேண்டும் என்பதை இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்சிங்க் தீர்மானிக்க வேண்டும். ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மக்கெராஸும் 1996-இல் வெளியிட்ட அந்த நிரல், அனுப்பும் பக்கத்தில் உள்ளதையும் பெறும் பக்கத்தில் உள்ளதையும் கோப்புவாரியாக ஒப்பிட்டு, வேறுபட்டவற்றை மட்டும் அனுப்புகிறது. ஒரு நிகழ்வு தவறிப்போனாலும், அடுத்த நிகழ்வுக்காக ஓடும் ஒப்பீடு தவறியதையும் சேர்த்துப் பிடித்துவிடும். இந்த ஒரு முடிவினால் நிரல் மிகச் சிறியதாகிவிட்டது.

நிரல் என்பது ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், அதாவது லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. ஐநோட்டிஃபைவெயிட் தரும் வரிகளை அது ஒவ்வொன்றாகப் படிக்கிறது. முதல் வரி வரும் வரை காலவரையின்றிக் காத்திருக்கும். முதல் வரி வந்த பிறகு, ரீட் கட்டளைக்கு 20 நொடி நேர வரம்பு கொடுத்துத் தொடர்ந்து படிக்கும். வரி வந்துகொண்டே இருந்தால் பணியாளர் இன்னும் வருடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். 20 நொடிகள் ஒரு வரியும் வராமல் கழிந்தால்தான் ஆர்சிங்க் ஓடும். வருடுதல் இடைவிடாமல் நடக்கும் நாள்களில் அந்த அமைதி வாய்க்காமலே போகக்கூடும் என்பதால், முதல் வரி வந்து 5 நிமிடங்கள் ஆகிவிட்டால் காத்திராமல் ஓட்ட வேண்டும் என்ற இரண்டாவது வரம்பையும் வைத்தேன். ஆர்சிங்க் ஓடும் நேரத்தில் வரும் வரிகள், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் பைப்பில் தங்கியிருக்கும். லினக்ஸில் அதன் வழக்கமான கொள்ளளவு 64 கிலோபைட். அதுவும் நிறைந்தால் கர்னலின் வரிசை தேங்கத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் முழுப் பாதையையும் எழுதச் சொல்லாமல், ஓர் எழுத்து மட்டும் எழுதச் சொன்னேன். எந்தக் கோப்பு என்பது நமக்குத் தேவையில்லை அல்லவா? வரி சிறிதானால் அதே பைப்பில் பல மடங்கு வரிகள் தங்கும்.

இதே போன்ற வேலையை எல்சிங்க்டி என்ற ஆயத்த நிரலும் செய்கிறது. அதுவும் நிகழ்வுகளைச் சில நொடிகள் சேர்த்துவைத்துப் பிறகு ஆர்சிங்கை அழைக்கிறது. நீக்கங்களை நூலகத்தார் விரும்பியபடி கையாள வேண்டியிருந்ததால் நான் தனியாக எழுதினேன். அந்தத் தேவை இல்லாதவர்கள் எல்சிங்க்டியையே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கிரிப்ட் தொடங்கும்போது எது முதலில் நடக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. முழு ஒப்பீட்டை முதலில் ஓட்டி, அது முடிந்த பின் கண்காணிப்பைத் தொடங்கினால், இரண்டுக்கும் நடுவே மாறிய கோப்பு யார் கண்ணிலும் படாது. கண்காணிப்பைத் தொடங்கி, அது எல்லாக் கோப்புறைகளிலும் அமர்ந்துவிட்டது என்று ஐநோட்டிஃபைவெயிட் அறிவித்த பிறகு முழு ஒப்பீட்டை ஓட்ட வேண்டும். மாலையில் மின்சாரம் போய்க் காலையில் கணினி எழும்பினாலும், விடுபட்டவை இந்த முதல் ஒப்பீட்டிலேயே ஏறிவிடுகின்றன.

ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்திருந்தால் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. சுருக்காத டிஃப் படங்களில் இது சற்று யோசிக்க வேண்டிய இடம். அத்தகைய படத்தின் அளவு நீள அகலத்தையே பொறுத்தது; பக்கத்தில் இருந்த கறையைத் துடைத்தாலும், படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும், கோப்பின் அளவு பைட் மாறாமல் அப்படியே இருக்கக்கூடும். அப்போது வேறுபாட்டைக் காட்டுவது நேரம் ஒன்றுதான். படத்தைத் திருத்திய பின் பழைய நேரத்தையே திரும்ப வைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அந்த வசதியை அணைத்து வைக்கச் சொன்னதோடு, வாரத்துக்கு ஒருமுறை உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடும் செக்சம் விருப்பத்துடன் ஆர்சிங்கை ஓட்டுகிறேன். அது இரு பக்கத்திலும் எல்லாக் கோப்புகளையும் முழுமையாகப் படிப்பதால் நேரம் பிடிக்கும்; ஞாயிறு இரவுக்கு அதை ஒதுக்கினேன்.

சர்வரில் எழுதப்படும் கோப்பை ஆர்சிங்க் முதலில் புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் வைத்து, முழுதும் வந்து சேர்ந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறது. ஆதலால் ஏற்றம் நடக்கும்போது பக்கத்தைத் திறக்கும் வாசகர் பழைய படத்தையோ புதிய படத்தையோ முழுமையாகத்தான் பார்ப்பார். இணைப்பு நடுவில் அறுந்தால் பாதி வந்ததைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ள பார்ஷியல் டிர் விருப்பத்தைக் கொடுத்தேன். 26 மெகாபைட்டை மீண்டும் முதலிலிருந்து அனுப்புவது அதனால் தவிர்க்கப்படுகிறது.

நீக்கத்தைப் பற்றி நூலகரிடம் பேசியபோது, "தம்பி, இங்கே யாராவது கைதவறி அழித்துவிட்டால் அங்கேயும் போய்விடுமா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். மிகச் சரியான கேள்வி. இங்கே இல்லாததைச் சர்வரிலும் நீக்கும் டெலிட் விருப்பம் இல்லாவிட்டால், தவறான பெயரில் ஏறிய கோப்புறைகள் சர்வரில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்த விருப்பத்தை மட்டும் வெறுமனே கொடுத்தால், படங்கள் இருக்கும் வெளிவட்டு ஏதோ காரணத்தால் இணையாத நாளில், வெற்றுக் கோப்புறையைக் கண்ட ஆர்சிங்க் சர்வரில் உள்ள அத்தனையையும் நீக்கப் புறப்படும். இதற்கு மூன்று காவல்களை வைத்தேன். வட்டின் வேரில் ஓர் அடையாளக் கோப்பு இருக்கும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் அதைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் ஏற்றத்தைத் தொடங்காமல் நின்றுவிடும். மேக்ஸ் டெலிட் விருப்பத்தில் 50 என்ற வரம்பைக் கொடுத்தேன். அதைத் தாண்டினால் ஆர்சிங்க் மேற்கொண்டு நீக்காமல் 25 என்ற குறியீட்டுடன் முடியும், அது எனக்கு அஞ்சலாக வரும். மூன்றாவதாக, நீக்கப்படுபவையும் புதியதால் மாற்றப்படுபவையும் அழியாமல், அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குச் செல்லும்படி பேக்கப் டிர் விருப்பத்தைச் சேர்த்தேன். நூலகருக்கு நிம்மதி தந்தது இந்த மூன்றாவதுதான்.

எஃப்டிபிக்குப் பதிலாக, எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக ஆர்சிங்க் ஓடுகிறது; கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு ஒன்று அதில் அடையாளம் காட்டுகிறது. யாரும் அருகில் இல்லாமல் ஏற வேண்டும் என்பதால் அந்த எஸ்எஸ்எச் சாவிக்குக் கடவுத்தொடர் வைக்க முடியாது. ஆகவே அந்தச் சாவி எதைச் செய்யலாம் என்பதைச் சர்வர் பக்கத்தில் இறுக்கமாகக் கட்ட வேண்டும். ஏற்றத்துக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, எட்25519 வகைச் சாவி ஒன்றை அவருக்கு மட்டும் சேர்த்தேன். சாவிப் பட்டியலில் அந்த வரியின் தொடக்கத்தில் ரிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும், ஆர்சிங்குடனேயே வரும் ஆர்ஆர்சிங்க் என்ற சிறு நிரலைக் கட்டாயக் கட்டளையாகவும் எழுதினேன். இனி அந்தச் சாவி திருடு போனாலும் டெர்மினல் கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு கோப்புறைக்கு வெளியே எதையும் தொட முடியாது. ஆர்ஆர்சிங்க் மேல்நோக்கி ஏறும் இரட்டைப் புள்ளிப் பாதைகளை ஏற்பதில்லை. அதனால் பக்கங்களுக்கு ஒன்று, நீக்கப்பட்டவற்றுக்கு ஒன்று என இரண்டு கோப்புறைகளையும் அனுமதித்த எல்லைக்குள்ளேயே அமைத்து, வாசகர்கள் முதலாவதை மட்டும் பார்க்கும்படி செய்தேன். கடவுச்சொல் கேட்டுக் காத்து நிற்காமல் உடனே தோல்வியைத் தெரிவிக்க, பேட்ச்மோட் அமைப்பையும் எஸ்எஸ்எச்சில் இட வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சோதனையின்போது சர்வரில் ஒரே இதழின் கோப்புறை இரண்டு இருந்தன. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தது. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை இரண்டு விதமாக எழுதலாம். 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாக வைத்தால் 3 பைட். முன்னால் வரும் ஏகாரக் கொம்பும் பின்னால் வரும் காலும் எனப் பிரித்து வைத்தால் 6 பைட். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸுக்கோ அவை வேறு வேறு பெயர்கள். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டமைப்பைக் கொண்ட மேக் கணினிகள் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தன. அவ்வாறான கணினியிலிருந்து ஒரு தன்னார்வலர் தந்த கோப்புறையும், விண்டோஸில் தட்டச்சான கோப்புறையும் இப்படித்தான் இரண்டாயின. ஆர்சிங்க் ஓடும் முன், எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி எனப்படும் சேர்த்த வடிவுக்கு மாற்றும் சிறு பைத்தான் நிரல் ஒன்றைச் சேர்த்தேன். கான்வ்எம்வி என்ற கருவியும் இதைச் செய்யும். ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே தட்டியிருந்தால் இந்த மாற்றம் உதவாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

பெயரின் நீளமும் கணக்கில் கொள்ள வேண்டியது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட் வரையே இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும், புள்ளியும் கொம்பும் அதில் தனித்தனியாக எண்ணப்படும். இதழின் பெயர், மாதம், கட்டுரைத் தலைப்பு என்று நீட்டி எழுதும் வழக்கத்தை இதனால் நிறுத்தச் சொன்னோம். பின்னணியில் ஓடும் ஆர்சிங்கின் பதிவேட்டில் 'க' என்ற எழுத்து 340, 256, 225 என்ற எண் வரிசையாக விழுந்து யாராலும் படிக்க முடியாமல் இருந்தது. ஸ்கிரிப்டுக்கு யூனிகோடைப் புரிந்துகொள்ளும் யூடிஎஃப்-8 மொழிச்சூழலை அமைத்த பின் தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே பதிவாகின்றன.

ஸ்கிரிப்டை, லினக்ஸில் பின்னணி நிரல்களை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக அமைத்தேன். எக்காரணத்தால் நின்றாலும் 10 நொடிகளில் மீண்டும் தொடங்கும். ஒவ்வோர் இரவும் ஓடும் முழு ஒப்பீட்டுக்கு ஒரு டைமர் உண்டு. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்து இயங்கும்போது விட்டதை ஓட்டும் பெர்சிஸ்டன்ட் அமைப்பை அதில் இட்டேன். சேவையும் டைமரும் ஒரே நேரத்தில் ஆர்சிங்கை அழைத்துவிடாதபடி எஃப்லாக் கட்டளையால் பூட்டு வைத்தேன். ஆர்சிங்கின் முடிவுக் குறியீடுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 24 வந்தால் அனுப்பும்போது ஏதோ ஒரு கோப்பு மறைந்துவிட்டது என்று பொருள். தற்காலிகக் கோப்புகள் வந்து போகும் இடத்தில் அது இயல்பு. 12, 30, 255 ஆகியவை பெரும்பாலும் இணைப்புக் கோளாறுகள் என்பதால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். 23 வந்தால் சில கோப்புகள் ஏறவில்லை. பெரும்பாலும் அனுமதிச் சிக்கலாக இருக்கும், ஆள் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

முதல் ஓட்டத்தை, எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் ட்ரை ரன், மாற்றங்களைப் பட்டியலிடும் ஐட்டமைஸ் சேஞ்சஸ் ஆகிய விருப்பங்களுடன் செய்து, எவை ஏறும், எவை நீங்கும் என்ற பட்டியலை நூலகருடன் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளே உள்ளவை மட்டும் போகும். இல்லாவிட்டால் கோப்புறையே சர்வரில் இன்னொரு அடுக்காக உருவாகும். இந்த ஒரு குறியால் வரும் வேறுபாடு அந்தப் பட்டியலில் உடனே தெரிந்துவிடுகிறது.

ஏற்றம் சத்தமில்லாமல் நின்றுபோவதுதான் இத்தகைய அமைப்புகளில் பெரிய ஆபத்து. தோல்வியை அஞ்சலில் சொல்லும்படி ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாலும், கணினியே அணைந்துவிட்டால் அஞ்சல் அனுப்ப அங்கே எதுவும் இருக்காது. எனவே சரிபார்க்கும் பொறுப்பைச் சர்வரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வெற்றிகரமான ஒப்பீட்டுக்குப் பிறகும் அப்போதைய நேரத்தை எழுதிய சிறு கோப்பு ஒன்று மேலே செல்கிறது. மாற்றமே இல்லாத நாளிலும் இரவு ஒப்பீடு அதைப் புதுப்பிக்கும். சர்வரில் குறித்த நேரங்களில் தானே ஓடும் கிரான் பணி அந்தக் கோப்பின் வயது 36 மணி நேரத்தைத் தாண்டினால் நூலகருக்கும் எனக்கும் அஞ்சல் அனுப்புகிறது. இந்த நேரக் கோப்பையும் பதிவேட்டுக் கோப்பையும் கண்காணிக்கப்படும் கோப்புறைக்கு வெளியே வைப்பது கட்டாயம். உள்ளே இருந்தால் அவற்றை எழுதுவதே ஒரு மாற்றமாகி, அந்த மாற்றம் மறுபடியும் ஓர் ஏற்றத்தைத் தொடங்கி, நில்லாமல் சுழன்றுகொண்டே இருக்கும். நீக்கப்பட்டவை சேரும் கோப்புறைகளில் 60 நாள்களுக்கு முற்பட்டவற்றைத் துடைக்கும் பணியும் அதே கிரானில் இருக்கிறது. சர்வரின் வட்டு நிறைந்துவிடாதிருக்க அது போதுமா என்பதை மாதந்தோறும் பார்த்து, நாள் கணக்கைக் கூட்டியோ குறைத்தோ வருகிறோம்.